‘ஏழு’ வந்த வழி: புரொஸ்டேட் புற்றுநோய் அறிக்கையும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

சலம் போகச் சிரமப்பட்டு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வரும் முதியவர் ஒருவரின் இழையப் பரிசோதனை அறிக்கையில் ‘4+3=7’ என்று இருக்கலாம். வீட்டார் அதைப் பள்ளிக்கூடப் புள்ளி போலப் பத்துக்கு ஏழு என்று வாசிப்பார்கள். அந்த எண் பிறந்த விதமே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

1966இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர நோயியலாளர் டொனால்ட் கிளீசன் தம் வகைப்பாட்டை வெளியிட்டார். தனிக் கலத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கலங்கள் சேர்ந்து கட்டும் குழாய்களின் அமைப்பையே பார்த்து, எண்ணிட்ட வடிவங்களாக வகுத்தார். மூன்றாம் வடிவில் குழாய்கள் தனித்தனியே நிற்கும். நான்கில் ஒன்றோடொன்று ஒட்டி, சில இடங்களில் அரிதட்டுப் போலத் துளைபட்டிருக்கும். ஐந்தில் குழாயே இராது. கலங்கள் சிதறிக் கிடக்கும். மிகுதியாகத் தெரியும் வடிவையும் அடுத்ததையும் கூட்டினார். ஆகவே 3+4, 4+3 இரண்டும் ஏழுதான். ஆனால் பின்னதில் நான்காம் வடிவே மேலோங்கி நிற்பதால் நோயின் வேகம் கூடுதல்.

2005 திருத்தத்துக்குப் பிறகு ஊசிவழி எடுத்த துண்டில் நடைமுறையில் ஆகக் குறைந்த எண் 6. ஆகக் குறைந்தது ஆறு என்றால் யார்தான் நம்புவார்? இதைத் தெளிவாக்க, 2014இல் சிறுநீரியல் நோயியலுக்கான சர்வதேசச் சங்கம் 1 முதல் 5 வரையான தரக்குழுக்களை ஏற்றது. 3+4 இரண்டாம் குழு, 4+3 மூன்றாம் குழு, 8 நான்காம் குழு, 9உம் 10உம் ஐந்தாம் குழு.

சிகிச்சையின் வரலாறு வேறு வழியில் வந்தது. ஆண் ஓமோனைக் குறைத்தால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்ல்ஸ் ஹகின்ஸ் 1941இல் காட்டினார். அதற்கான நோபல் பரிசு, கிளீசனின் கட்டுரை வந்த அதே 1966இல் கிடைத்தது. விதைகளை அகற்றும் சத்திரசிகிச்சை செய்த வேலையைப் பின்னாளில் ஓமோனை அடக்கும் ஊசிகள் செய்யத் தொடங்கின. சுரப்பிக்கு அருகில் முற்றிய நோயில் கதிர்ச் சிகிச்சையோடு மூன்றாண்டு ஓமோன் ஊசியைச் சேர்த்தபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 62 விழுக்காட்டிலிருந்து 79க்கு உயர்ந்ததை 1997இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. எலும்புக்குப் பரவிய நோயில் ஓமோன் தடையோடு ஆரம்பத்திலேயே டொசிடாக்செல் என்ற வேதிமருந்தைச் சேர்ப்பது 2015க்குப் பின் வழக்கமாயிற்று.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு இந்தத் தெரிவுகள் ஒரே எடையில் வந்து சேரவில்லை. 2007 வரை அக்கரை போர்க்களத்தின் மறுபுறம், வவுணதீவில் சோதனைச்சாவடி. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ எனப்படும் படகுச் சேவைதான் ஓடியது. மாதமொன்றோ மூன்றோ கழிந்ததும் ஊசி, வாரக்கணக்கில் நாள்தோறும் கதிர், அல்லது சுமார் 300 கிலோமீற்றர் தள்ளி மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை. இவற்றை ஒருமுறைச் சத்திரசிகிச்சையோடு வைத்துப் பார்த்தால், வயலையும் மாட்டையும் விட்டுவர முடியாதவர் எதை எடுப்பார் என்பது எளிதில் விளங்கும். அதை அறியாமை என்று எழுதுவது தவறு. ஓமோனை அடக்குவதில் சத்திரசிகிச்சை ஊசிக்குக் குறைந்ததல்ல. ஆனால் நோய் பரவாதவருக்கு, குணமாக்கும் நோக்கோடு தரும் கதிரின் இடத்தை அது மட்டும் நிரப்பாது. அங்கேதான் தூரம் நோயாளியை உண்மையில் பாதித்தது.

அறிக்கையோ இன்றும் ஆங்கிலத்தில். நரம்பைச் சுற்றிப் பரவியதா, சுரப்பியின் உறையைத் தாண்டியதா, துண்டில் எத்தனை பங்கு புற்று என்பன அதில் வரி வரியாக இருக்கும். கத்தாரில் வேலை செய்யும் மகனுக்குத் தொலைபேசியில் போய்ச் சேர்வது ‘ஏழாம்’ என்ற ஒரு சொல்தான்.