பாண்டிய நாட்டு இலாயங்கள்: கடல் கடந்து வந்த குதிரைகள் ஏன் நிலைக்கவில்லை?

பள்ளி வரலாற்றுப் பாடநூலில் ஒரே வரியில் முடிந்துபோகும் செய்திகளுள் ஒன்று, பாண்டியர் அரபு நாடுகளிலிருந்து குதிரைகளை இறக்குமதி செய்தனர் என்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரியை மாணவரை வாசிக்கச் செய்து நானும் கடந்து போயிருக்கிறேன். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “வருஷா வருஷம் ஏன் சார் வாங்கணும்? குதிரை குட்டி போடாதா?” என்று கேட்டான். அன்று மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன். அந்தக் கேள்விக்குரிய விடையைத் தேடியபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழகத்துக்குக் கடல் வழியாகக் குதிரை வருவது பாண்டியர் காலத்தில் தொடங்கியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகள் இருந்ததைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்திலிருந்து வந்த ‘குதிரைச் செட்டி’கள் இடம்பெறுகின்றனர். படைப்பிரிவுகளுள் ‘குதிரைச் சேவகர்’ என்போரும் உண்டு. ஆயினும் இவ்வணிகத்தின் வரவு செலவும், குதிரைகளுக்கு நேர்ந்த கதியும் விரிவாகத் தெரியவருவது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அப்போது மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி செய்தான். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகம் புகழின் உச்சியில் இருந்தது. இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊர் அதுவே.

கப்பலில்

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்தார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிய கப்பல்கள் காயலில் நின்றதாக எழுதுகிறார். ஹோர்முஸ் கப்பல்களைப் பற்றி அவர் தரும் குறிப்பைப் படித்தால் நமக்கே வயிற்றைக் கலக்கும். இரும்பு ஆணி இல்லாமல், தென்னை நாரால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கப்பல்கள். ஒரே பாய்மரம், ஒரே சுக்கான். மேல்தளம் கிடையாது. சரக்கை அடுக்கித் தோல்களால் மூடி, அந்தத் தோல்களின் மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தார்கள்.

குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. அதன் உணவுக்குழாயின் அமைப்பு அப்படிப்பட்டது. வயிற்றில் எது கெட்டாலும் அது கீழ்நோக்கித்தான் போக வேண்டும்; போகாவிட்டால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். அவ்வளவு குடிநீரைக் கப்பலில் சுமந்து வர வேண்டும். வாரக்கணக்கில் ஆடும் பலகைமேல் கால் மாற்றி மாற்றி நின்றபடியே குதிரை பயணம் செய்ய வேண்டும். காயல் கரையில் இறங்கும்போதே அது பாதி நோயாளியாக இருந்திருக்கும்.

விலையும் பணம் வந்த வழியும்

பாரசீகத்தில் மங்கோலியர் ஆட்சியில் அலுவலராக இருந்த வஸ்ஸாஃப் என்னும் வரலாற்றாசிரியர், பாண்டிய நாட்டை ‘மாபார்’ என்று குறிப்பிடுகிறார். கிஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர், தம் சொந்த இனத்துக் குதிரைகள் 1,400ஐ ஆண்டுதோறும் மாபாருக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய நாட்டில் அமைச்சர் நிலையில் இருந்தார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் குதிரை இறந்தாலும் அரசுக் கருவூலம் முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் அடக்கம்.

முன்னொரு காலத்தில் ஹோர்முஸ், பஹ்ரைன், கதீஃப் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபாருக்கும் காம்பேக்கும் அனுப்பப்பட்டன என்றும், அவற்றின் மொத்த விலை 22 லட்சம் தினார் என்றும் வஸ்ஸாஃப் கணக்குச் சொல்கிறார். பாண்டிய நாட்டில் ஆண்ட உடன்பிறந்தார் ஐவரும் ஆளுக்கு 2,000க்கு மேல் வாங்கினர் என்று போலோ சொல்வதைக் கூட்டினாலும் ஏறத்தாழ அதே 10,000தான் வருகிறது. இவ்வளவு முழுமையான எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கேள்விப்பட்ட எல்லோருக்கும் அது மிகப் பெரிய எண்ணாகத் தோன்றியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கோயில் நிலங்களின் உபரி வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த ஆடல் மகளிர்மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது என்பது வஸ்ஸாஃப் தரும் செய்தி. உழவர் விளைத்த நெல்லின் ஒரு பங்கு பொன்னாகிக் கடல் கடந்து போயிற்று என்று எளிமையாகச் சொல்லலாம்.

இலாயத்தில் நடந்தது

இனி மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. அவற்றைப் பேணத் தெரிந்தவர் நாட்டில் இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சமைத்துப் போடுகிறார்கள், தட்பவெப்பமும் ஒத்துவரவில்லை என்று காரணங்களை அடுக்குகிறார். நல்ல ஆண் குதிரையும் நல்ல பெண் குதிரையும் சேர்ந்தாலும் பிறக்கும் குட்டி, கால் கோணி, ஏறுவதற்கு உதவாமல் போகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் நுணுக்கமானது. பச்சை வாற்கோதுமை தின்று பழகிய குதிரைக்கு இங்கே வறுத்த வாற்கோதுமையும், நெய்யிட்டுச் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள். கொழுப்பேற வேண்டும் என்று 40 நாள் கயிற்றாலும் முளையாலும் இலாயத்தில் கட்டிப்போட்டார்கள். பிறகு முறையான பழக்கம் ஏதும் இல்லாமல், அங்கவடிகூட இல்லாமல், வீரர்கள் ஏறிப் பேய்போல் விரட்டினார்கள். வலுவும் வேகமும் உள்ள குதிரைகள் சில நாளில் சோம்பி, தளர்ந்து, ஒன்றுக்கும் உதவாமல் போயின.

இதைப் படிக்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மேலிடுகிறது. நெய்யும் பாலும் இறைச்சியும் அன்றைய ஏழை வீட்டில் விசேஷ நாளில் மட்டும் கிடைத்தவை. விருந்தாளிக்குப் படைப்பதைத்தான் குதிரைக்கும் படைத்திருக்கிறார்கள். அதுவே கேடாக முடிந்தது.

குதிரை நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லைக் கடித்துக்கொண்டு நடக்கும் விலங்கு. அதன் வயிறு சிறியது. நார்ச்சத்துள்ள தீனி பின்குடலில்தான் நொதித்துச் செரிக்கிறது. மாவுச்சத்து அளவுக்கு மீறி அங்கே போய்ச் சேர்ந்தால் குடல் புளித்துவிடும். அதன் விளைவு, வயிற்றைவிட்டு வெகுதூரத்தில் உள்ள குளம்பில் தெரியும். குளம்பின் உட்சதை வீங்கி, நான்கு காலையும் ஊன்ற முடியாமல் குதிரை துடிக்கும். வளர்ந்த குதிரைக்குப் பாலும் சரியாகச் செரிக்காது, பேதியாகும். தானியம் தின்று சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினால் தொடைத் தசைகள் மரத்துப்போய் இறுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் பிறகு மறுநாள் வண்டியில் பூட்டும் குதிரைக்கு இப்படி வருவதைக் கண்ட ஐரோப்பியர் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர். வஸ்ஸாஃப் சொல்லும் 40 நாள் கட்டும் அதன் பின்னான விரட்டலும் இந்த நோய்க்கு ஏற்ற வழிகள்.

தீனியைச் சமைத்ததே குற்றம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்பவில்லை. சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரப் படைக்குதிரைகளுக்கும் கொள்ளை வேகவைத்தே கொடுத்தார்கள், அவை உழைத்தன. என் சிறுவயதில் எங்கள் ஊர் ரயில் நிலைய வாசலில் ஏழெட்டு ஜட்கா வண்டிகள் நிற்கும். அவற்றில் ஒரு கிழவர் விடியற்காலையில் முதலில் பார்ப்பது குதிரையின் முகத்தையன்று, இரவு போட்ட இலத்தியை. அது உருண்டையாக, ஈரமாக இருந்தால்தான் ஊறவைத்த கொள்ளுப் பாத்திரத்தைத் திறப்பார். இல்லாவிட்டால் அன்று புல்லும் தண்ணீரும் மட்டும். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பின் அடியைக் குச்சியால் சுரண்டுவார். மழைக்காலத்தில் இதை இரண்டு வேளையும் செய்வார், ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும் என்பார். அவர் குதிரை நல்ல அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் நான் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தபோது வண்டி இழுத்த அதே குதிரை, நான் பள்ளியிறுதித் தேர்வு எழுதப் போனபோதும் இழுத்தது.

இந்த அன்றாடக் கவனிப்புத்தான் காயலில் இறங்கிய குதிரைகளுக்குக் கிடைக்கவில்லை. அதோடு நெல் விளையும் ஈரநிலம், புழுக்கம், கடிக்கும் ஈக்கள். ஈக்கள் பரப்பும் ‘சுர்ரா’ என்னும் இரத்த நோயின் கிருமியை 1880இல் கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் கண்டறிந்தார். அத்தகைய நோய்களுக்கும் பாண்டிய இலாயங்களில் பங்கு இருந்திருக்கலாம்.

குட்டி விஷயத்துக்கும் விடை இருக்கிறது. குதிரை 11 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். அது ஏறக்கூடிய அளவுக்கு வளர மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை ஓடித் திரியப் பரந்த மேய்ச்சல் நிலம் வேண்டும். வயலும் வாய்க்காலுமாக இருந்த ஆற்றுப்படுகை நாட்டில் அதற்கு இடமேது? அடுத்த ஆண்டே போர் வரும் என்று அஞ்சிய மன்னருக்கு அவ்வளவு பொறுமையும் இருந்திருக்காது.

சொன்னவர்கள் யார்?

போலோ வெளியூர்ப் பயணி. வஸ்ஸாஃப் பாரசீகத்தில் இருந்தபடி, கடல் கடந்து போய்வந்த வணிகர் சொன்னதைக் கேட்டு எழுதியவர். குதிரை விற்ற வணிகரின் வாயிலிருந்தே பெரும்பாலான செய்தி வந்திருக்கிறது. விற்றவன், ‘வாங்கியவனுக்கு வளர்க்கத் தெரியவில்லை’ என்று சொல்வது இயல்பு. கப்பலில் பாதி செத்த குதிரையைத் தலையில் கட்டினோம் என்று எவன் சொல்வான்? செத்த குதிரைக்கும் விலை உண்டு என்றால் கப்பலில் கூடுதலாகத் தண்ணீர் ஏற்ற யாருக்கு அக்கறை வரும்?

போலோ வேறொன்றும் சொல்கிறார். குதிரை வைத்தியர்களை இந்நாட்டுக்கு வரவிடாமல் வணிகர்களே தடுக்கிறார்களாம். குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தால்தான் விற்றுக்கொண்டே இருக்கலாம் என்பது கணக்கு. இது முழு உண்மையா, துறைமுகத்து வம்பா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாளடைவில் குதிரை அறிந்தவர்கள் இங்கே வந்து நிலைத்தார்கள் என்பதற்குத் தமிழே சான்று. ‘இராவுத்தர்’ என்ற சொல் குதிரை வீரரைக் குறித்தது. குதிரை வணிகத்தோடும் குதிரைப்படையோடும் தொடர்புடைய முஸ்லிம் சமூகத்தார் இன்றும் அப்பெயரால் அறியப்படுகின்றனர். 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர், மயில் ஏறும் முருகனையே இராவுத்தன் என்று அழைக்கிறார்.

நரியும் பரியும்

மாணிக்கவாசகர் கதை தமிழர் எல்லோரும் அறிந்தது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை அவர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிடுகிறார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வணிகராக வந்து ஒப்படைக்கிறார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. புராணத்தை வரலாறாகக் கொள்ளக் கூடாது என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆயினும் விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் விடிவதற்குள் இல்லாமல் போவதையும், காலையில் இலாயத்தில் பிணங்கள் கிடப்பதையும் கண்டறியாத நாட்டில் இப்படி ஒரு கதை இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்குமா என்று எண்ணத் தோன்றுகிறது. வஸ்ஸாஃப் கணக்கில் கோயில் பணம் குதிரைக்குப் போகிறது. கதையில் குதிரைப் பணம் கோயிலுக்கு வருகிறது.

பின்னர்

விஜயநகர காலத்திலும் இதே செலவு தொடர்ந்தது. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்ற விலையில், உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் எடுத்துக்கொண்டான் என்றும், கடலில் இறந்த குதிரையின் வாலைக் காட்டினால் போதும், பணம் கிடைத்தது என்றும் போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதியிருக்கிறார். ஆனால் பராமரிப்பில் ஒழுங்கு வந்துவிட்டது தெரிகிறது. அரசரின் குதிரைகளுக்குச் சூட்டுக்குறி உண்டு. குதிரை இறந்தால் குறியுள்ள தோல்துண்டை அறுத்துக் குதிரைத் தலைவரிடம் காட்டினால்தான் மாற்றுக் குதிரை கிடைக்கும். குதிரை பார்க்க 1,600 ஆட்களும், பழக்குவதற்கு 300 பேரும் இருந்தனர் என்பதும் நூனிஸ் தரும் கணக்கு. கிருஷ்ணதேவராயர் விடியுமுன் நல்லெண்ணெய் குடித்து உடற்பயிற்சி செய்தபின் தாமே குதிரையேறி வெளியில் ஓட்டியதைப் பயஸ் குறிப்பிடுகிறார். ஏறுபவனே நாள்தோறும் ஓட்டினால் குதிரை 40 நாள் முளையில் நிற்காது.

ஆங்கிலேயர் இன்னொரு பாடத்தைக் கற்றனர். ஈரமான கடற்கரையை விட்டு, சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள ஓசூர் அருகே மத்திகிரியில் 1824இல் படைக்குதிரைப் பண்ணை அமைத்தனர். இன்று அது அரசு கால்நடைப் பண்ணை. அதுவும் போதவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து குதிரைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ‘வேலர்’ என்ற பெயர் அந்த ஊரால் வந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. 1830களில் வரையப்பட்ட ஓர் ஓவியத்தில் ஆஸ்திரேலியக் குதிரைகளைக் கரையிறக்கும் காட்சி இருக்கிறது. சுற்றிலும் கட்டுமரங்கள், மசூலாப் படகு, அலை. கரையேறியதும் அவற்றுக்கு இங்கே கிடைத்த முதல் தானியம் கொள்ளாகத்தான் இருந்திருக்கும், அதுவும் வேகவைத்தது.