66 ஆண்டுகள் காத்திருந்த திருத்தம்

பட்டாளத்தில் பணி செய்த ஒருவன் படைவீட்டை விட்டு நீங்கி மீண்டும் குடிமகனாக வெளியே வரும்போது அவன் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. டிஸ்சார்ஜ் பத்திரம் என்று அதனை வழங்குவர். பெயர், படை எண், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நடத்தை, நீங்கிய காரணம் ஆகியவை அதில் சில வரிகளுக்குள் அடங்கிவிடும். பிறந்த ஊரை விட்டு வேற்று மாகாணங்களில் வாழ்கின்ற நமக்கு இத்தகைய தாள்களின் அருமை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சொந்த ஊரில் 'இன்னார் மகன்' என்றால் போதும். அறிமுகமற்ற ஊரிலோ நமக்காகப் பேசுவது நம் பெட்டியில் உள்ள காகிதங்களே. அக்காகிதத்தில் ஒரு சொல் தவறாக ஏறிவிட்டால் மனிதனின் நிலை என்னவாகும், அதைத் திருத்துவதற்கு எத்தனை காலம் செல்லும் என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ராணுவ வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. அதனை ஈண்டுச் சிறிது விரிவாகக் காண்போம்.

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், மெக்சிகோ நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பிரௌன்ஸ்வில். அதன் அருகே பிரௌன் கோட்டை என்னும் படைமுகாம் இருந்தது. 1906-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், 25-ஆவது காலாட்படையின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த மூன்று கம்பெனிகள் நெப்ராஸ்கா மாநிலத்து நயோபிராரா கோட்டையிலிருந்து அங்கு மாற்றப்பட்டன. அப்படையின் சிப்பாய்கள் அனைவரும் கறுப்பினத்தவர், அதிகாரிகளோ வெள்ளையர். உள்நாட்டுப் போர் முடிந்து 40 ஆண்டுகள் கடந்திருந்த போதிலும், தென் மாநிலங்களில் இனப் பிரிவினை சட்டமாகவும் வழக்கமாகவும் வேரூன்றியிருந்த காலம் அது. சீருடை அணிந்த கறுப்பினச் சிப்பாய்கள் தெருவில் நடப்பதையே ஊரார் பலர் விரும்பவில்லை. மதுக்கடைகளில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. சிறு கைகலப்புகளும் நேர்ந்தன. வெள்ளைப் பெண் ஒருத்தியைச் சிப்பாய் ஒருவன் தாக்கினான் என்ற வதந்தி பரவியபோது, படைத்தலைவர் மேஜர் பென்ரோஸ், அசம்பாவிதம் நேராதிருக்கும் பொருட்டு, ஆகஸ்டு 13 அன்று மாலையிலேயே சிப்பாய்கள் அனைவரும் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கட்டளையிட்டார்.

அன்று நள்ளிரவையொட்டிக் கோட்டைக்கு அருகிலுள்ள தெருக்களில் துப்பாக்கி வெடித்தது. ஏறத்தாழ 10 நிமிட நேரம் நீடித்த அந்த வேட்டில் மதுக்கடைப் பணியாளர் ஒருவர் இறந்தார். போலீஸ் அதிகாரி ஒருவர் காயமுற்றுத் தம் கையை இழந்தார். சுட்டவர்கள் சிப்பாய்களே என்று ஊரார் சாதித்தனர். சிப்பாய்களோ, கோட்டையின்மீது தாக்குதல் நடப்பதாகவே தாங்கள் எண்ணியதாகக் கூறினர். உடனே ஆஜர் எடுக்கப்பட்டது. துப்பாக்கிகள் எண்ணிப் பார்க்கப்பட்டன. விடிந்ததும் அவற்றின் குழல்கள் சோதிக்கப்பட்டன. சுட்டதற்கான அடையாளம் எதுவும் அவற்றில் தென்படவில்லை. ஆயினும், தெருவில் கிடந்தவை என்று கூறி, ராணுவ ரைபிளுக்குரிய தோட்டாக் கூடுகளை நகரின் மேயர் கொண்டுவந்து காட்டினார். அக்கூடுகளே பின்னர் வழக்கின் அச்சாணி ஆயின.

டெக்சாஸில் கூடிய கிராண்டு ஜூரி என்னும் முதல்நிலை விசாரணைக் குழு, எவர்மீதும் குற்றம் சாட்டுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை எனக் கண்டது. நீதித்துறையைப் பொறுத்தவரை காரியம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ராணுவத்தின் தலைமை ஆய்வாளர் ஜெனரல் கார்லிங்டன் சிப்பாய்களைத் தனித்தனியே விசாரித்தார். 'சுட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது' என்பதே அனைவருடைய விடையாக இருந்தது. அறியாமையின் காரணமாக எழுந்த அந்த மௌனத்தை, உண்மையை மறைக்க அவர்கள் கூடிச் செய்த சதி என்று அவர் கொண்டார். குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காவிடில் அனைவரையும் நீக்குவதே தகும் எனப் பரிந்துரைத்தார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அப்பரிந்துரையை ஏற்றார். உத்தரவு 1906 நவம்பர் 5-ஆம் தேதியிட்டது. மறுநாள் நடந்த காங்கிரஸ் தேர்தல் முடியும்வரை அது வெளியே வரவில்லை. வட மாநிலங்களின் கறுப்பின வாக்காளர்கள் ரூஸ்வெல்ட்டின் கட்சியையே ஆதரித்து வந்தனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் நலம்.

இவ்வாறாக 167 பேர் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவரேனும் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படவில்லை. வெள்ளை அதிகாரிகள் இருவர் மட்டும், கடமையில் தவறினர் என்ற குற்றச்சாட்டின்பேரில் ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். அதிகாரிக்கு விசாரணை என்னும் உரிமை கிடைத்தது; சிப்பாய்க்கு அதுவும் கிடைக்கவில்லை.

அச்சிப்பாய்களின் பத்திரத்தில் எழுதப்பட்ட சொல் கவனிக்கத்தக்கது. மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லை எவ்வாறு தமிழில் தருவது என்பதே ஒரு சிக்கல். அந்நாளைய அமெரிக்க ராணுவத்தில் மூவகை நீக்கம் இருந்தது. நன்னடத்தையுடன் காலம் முடித்தவனுக்கு 'மரியாதையுடன் விடுவிப்பு'. ராணுவ நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டவனுக்கு 'அவமரியாதையுடன் நீக்கம்'. இவ்விரண்டிற்கும் இடையே 'மரியாதையின்றி விடுவிப்பு' என்று ஒன்று. இலக்கணப்படி நோக்கினால், மரியாதை இன்மையும் அவமரியாதையும் வெவ்வேறு. சட்டமும் அவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டது. இம்மூன்றாம் வகைக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டுவதில்லை. ஆனால் வேலை தேடிச் சென்ற மனிதனின் பத்திரத்தை வாங்கிப் பார்க்கும் முதலாளி இலக்கண வேற்றுமை பார்ப்பாரா? அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தண்டனைக்குரிய விசாரணையைத் தவிர்த்துவிட்டுத் தண்டனையை மட்டும் தருவதற்கு அந்த இடைச்சொல் வசதியாக அமைந்துவிட்டது.

அதன் பயன் கடுமையாக இருந்தது. நீக்கப்பட்டவர்கள் மீண்டும் படையில் சேரத் தடை, அரசாங்க உத்தியோகத்துக்கும் தடை, பென்ஷன் இல்லை. முதல் சார்ஜெண்டாக இருந்த மிங்கோ சாண்டர்ஸ் 26 ஆண்டுகள் பணியாற்றியவர். கியூபாவிலும் பிலிப்பைன்ஸிலும் போர் புரிந்தவர். 1898-இல் கியூபாவில், ரூஸ்வெல்ட்டின் படையினருக்கு உணவு குறைந்தபோது, அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தம் கம்பெனியார் தங்கள் ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்ததாகச் சாண்டர்ஸ் பின்னாளில் கூறினார். ஓய்வு பெறும் காலம் நெருங்கியிருந்த அவரும் அந்த 167 பேரில் ஒருவராக வெளியேறினார்.

ஓஹையோ மாநிலத்தின் செனட்டர் ஜோசப் ஃபோரேக்கர், ரூஸ்வெல்ட்டின் கட்சிக்காரராக இருந்தும், இவ்வநீதியை எதிர்த்து நின்றார். அவருடைய முயற்சியால் செனட் சபையின் ராணுவக் குழு 1907, 1908-ஆம் ஆண்டுகளில் நெடிய விசாரணை நடத்தியது. தெருவில் அகப்பட்ட கூடுகள் சிலவற்றின் அடையாளம், பூட்டிய கிடங்கில் இருந்த ஒரு துப்பாக்கியோடு பொருந்துவது அதில் வெளிப்பட்டது. பூட்டிய அறையில் இருந்த துப்பாக்கி எவ்வாறு நள்ளிரவில் தெருவில் சுட்டிருக்கும்? நயோபிராராவில் சுடும் பயிற்சியின்போது சேர்ந்த பழைய கூடுகள் பெட்டியில் இட்டுக் கொண்டுவரப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துத் தெருவில் எவரும் எறிந்திருக்கலாம் என்று ஃபோரேக்கர் வாதித்தார். குழுவின் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. 1909, 1910-ஆம் ஆண்டுகளில் கூடிய ராணுவ விசாரணை மன்றம் 14 பேரை மட்டும் மீண்டும் சேரத் தகுதியுடையோர் என அறிவித்தது. அந்தப் 14 பேருக்கு ஏன் தகுதி, மற்றையோருக்கு ஏன் இல்லை என்பதற்குத் தெளிவான விளக்கம் தரப்படவில்லை. 1913-இல் வெளியான தம் சுயசரிதையில் ரூஸ்வெல்ட் பிரௌன்ஸ்வில் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நாடும் மெல்ல மறந்தது.

மறக்க இயலாதவர்கள் பத்திரத்தைச் சுமந்தவர்களே. அவர்களுள் ஒருவர் டார்சி வில்லிஸ். மிசிசிப்பியில் பிறந்து, 1905-இல் படையில் சேர்ந்து, இரண்டாண்டு நிறையுமுன் நீக்கப்பட்டவர். மின்னியாபோலிஸ் நகரில் ஒரு வங்கிக் கட்டடத்தின் முடிதிருத்தும் நிலையத்தில், பிறருடைய காலணிகளுக்கு மெருகேற்றியும் தரையைப் பெருக்கியும் 59 ஆண்டுகள் உழைத்தார். வாழ்வில் உயர முடியாதபடி அந்தத் தாளே தம்மைத் தடுத்தது என்பது அவருடைய முறையீடு.

இதற்கிடையே சட்டம் சிறிது இளகிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நீலத்தாளில் அச்சிட்ட ஒருவகைப் பத்திரம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழங்கப்பட்டது. அதுவும் மரியாதைக்கும் அவமரியாதைக்கும் இடைப்பட்டதே; அதைப் பெற்றவர்களில் கறுப்பினத்தவர் தங்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தனர். பெரும் கண்டனம் எழவே 1947-இல் அது கைவிடப்பட்டது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம், நீக்கத்தின் தன்மையை மறு ஆய்வு செய்யும் குழுக்களை அமைத்தது. அதுவரை ஒரு சிப்பாயின் பதிவைத் திருத்துவதற்கும் காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நிறுத்தி, பிழையையும் அநீதியையும் களைந்து பதிவுகளைத் திருத்தும் அதிகாரத்தை ராணுவத் துறைகளின் செயலர்களுக்கே அளித்தது. குடிமக்களைக் கொண்ட திருத்தக் குழுக்கள் தோன்றின. 'பிழை' என்பதோடு 'அநீதி' என்ற சொல்லும் அச்சட்டத்தில் இடம்பெற்றது பெரிய முன்னேற்றமாகும். விதிப்படியே செய்யப்பட்டதாயினும் நியாயமற்றதாயின் திருத்தலாம் என்ற கருத்து அதனால் நிலைபெற்றது.

எனினும் வழி திறந்தால் மட்டும் போதாது, நினைவூட்டுவாரும் வேண்டும். 1970-இல் ஜான் வீவர் என்னும் ஆசிரியர் பிரௌன்ஸ்வில் நிகழ்ச்சியை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். கலிபோர்னியாவின் கறுப்பினப் பிரதிநிதி அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் அதைப் படித்து 1971-இல் காங்கிரஸில் மசோதா கொணர்ந்தார். ராணுவம் பழைய ஏடுகளைப் புரட்டியது. ஒருவரையும் விசாரியாமல் அனைவரையும் ஒருங்கே தண்டித்தது தகாது என்று முடிவு செய்த ராணுவச் செயலர் ராபர்ட் ஃப்ரோல்கி, 1972 செப்டம்பரில், 'மரியாதையுடன் விடுவிப்பு' என்று பதிவுகளைத் திருத்த ஆணையிட்டார். 66 ஆண்டுகள் கடந்திருந்தன. ஏறக்குறைய அனைவரும் மாண்டுபோயிருந்தனர்.

1973 பிப்ரவரி 11-ஆம் நாள், தம் 87-ஆவது பிறந்தநாளன்று, மின்னியாபோலிஸ் தேவாலயம் ஒன்றில் வில்லிஸ் புதிய பத்திரத்தைப் பெற்றார். அவ்வாணையில் பழைய ஊதியம் பற்றிய பேச்சே இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் தனிச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே 25,000 டாலர் வழங்கப்பட்டது. மறுமணம் செய்யாத விதவைகளுக்கு 10,000 டாலர். வில்லிஸ் 1977-இல் காலமானார். ராணுவ மரியாதையுடன் ஸ்னெல்லிங் கோட்டைத் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதே 1973-ஆம் ஆண்டு வேறொரு பாடமும் கிடைத்தது. ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த தேசியப் பணியாளர் ஆவண நிலையத்தில் பற்றிய தீ, 160 முதல் 180 லட்சம் படைவீரர்களின் கோப்புகளை அழித்தது. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையை விட்டு நீங்கியோரின் கோப்புகளில் 80 சதவீதம் மறைந்தன. நகலோ நுண்படமோ இல்லை. அதன் பின்னர், ஒருவர் தம் பணியை மெய்ப்பிக்க வேண்டின், சம்பளப் பட்டியல், கம்பெனியின் தினசரி அறிக்கை, மருத்துவமனைப் பதிவு எனச் சிதறிய துணுக்குகளைக் கொண்டே அவர் வரலாற்றை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. வீட்டில் பத்திரத்தைப் பேணியவர்கள் பிழைத்தனர். பிரௌன்ஸ்வில் சிப்பாய்கள் தோற்ற வழக்கின் சாட்சியங்கள் செனட் சபையின் அச்சிட்ட தொகுதிகளாக நிலைத்திருந்தமையாலேயே, இரண்டு தலைமுறைக்குப் பின் அவற்றைப் புரட்டி அவர்களை விடுவிக்க முடிந்தது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணலாம்.

நம் நாட்டில் படைவீரனின் பதிவுகள் அவனுடைய ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்தில் இருக்கின்றன. மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயம், பணி, நீக்கம், பென்ஷன் ஆகியவை பற்றிய வழக்குகளைக் கேட்கிறது. தலைமை அமர்வு புதுடில்லியில், வட்டார அமர்வுகளுள் ஒன்று சென்னையில். பிறந்த தேதியிலோ, மனைவியின் பெயரிலோ, தந்தை பெயரின் முதலெழுத்திலோ நேர்ந்த பிழை, வெளிமாநிலத்தில் குடியேறிய முன்னாள் வீரருக்கு எவ்வளவு அலைச்சல் தரும் என்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே அப்பிழையைக் களைந்துகொள்வது, பின்னர் குடும்பத்தார் படும் இடரைக் குறைக்கும்.

வில்லிஸுக்குத் திருத்தம் கிடைத்தது. சாண்டர்ஸுக்கு அது கண்ணால் காணக் கிடைக்கவில்லை. ஏட்டில் ஒரு சொல்லை மாற்றக் கணப்பொழுது போதும். அதற்கு 66 ஆண்டுகள் ஆயின என்றால், இடையில் எத்தனை அலுவலர்கள் அக்கோப்பை எடுத்துப் பாராமலே மேசையைக் கடந்து சென்றிருப்பர்! கோப்புகளோடு பழகும் நாம், ஒவ்வொரு கோப்பின் அடியிலும் வாசலில் காத்திருக்கும் ஒரு மனிதன் உண்டு என்பதை மறவாதிருப்போமாக.