நாகபுரியின் பருவங்களும் சரித்திரமும்

மன்னர்களின் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளுமே சரித்திரம் என்று பள்ளியில் பயின்றோம். நாம் பிழைக்க வந்து குடியேறிய இந்நாகபுரியிலோ, வெயிலும் மழையும் செய்த காரியங்கள் மன்னர்கள் செய்தவற்றிற்குச் சற்றும் இளைத்தவை அல்ல.

1702-ஆம் ஆண்டில் கோண்டு மன்னர் பக்த் புலந்த் ஷா, நாக் ஆற்றங்கரையில் இருந்த பன்னிரண்டு சிற்றூர்களை ஒன்றாக்கி இந்நகரை அமைத்தார். அவருக்குப் பின் வந்த சாந்த் சுல்தான் வெட்டுவித்த ஜும்மா குளமே இன்றைய காந்தி சாகர். வங்கக் கடலும் அரபிக் கடலும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில், நான்கு மாத மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்குக் காப்பதே ஆள்வோரின் முதற்கடமையாயிற்று.

கடற்காற்று எட்டாமையால் கோடையின் கடுமை சொல்லுந்தரமன்று. 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பம் 47 பாகையையும் தாண்டியது. நம்மூரில் சூரியன் ரோகிணியில் கால் வைத்ததும் கத்திரி முடியும் தறுவாய். இங்கோ அன்றுதான் 'நவ்தபா' எனும் ஒன்பது நாள் அனல் தொடங்குகிறது! புதிதாக மாற்றலாகி வந்த குடும்பத்தார் இக்கணக்கு அறியாமல் திகைப்பதுண்டு.

1861-இல் மத்திய மாகாணத்தின் தலைநகராக நாகபுரியை ஆக்கிய ஆங்கிலேயர், கோடை வந்ததும் பச்மரி மலைக்கு ஏறிவிட்டனர். துரைமார்கள் மலையேறினார்கள், 1867-இல் இங்கு எட்டிய இருப்புப்பாதையில் உழைத்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது? குமாஸ்தா வர்க்கத்தின் சரித்திரத்தை எவரும் எழுதுவதில்லை.

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1877-இல் இங்கு எம்ப்ரஸ் ஆலையைத் திறந்தார். சுற்றிலும் பருத்தி விளையும் பூமி. ஆனால் உலர்ந்த காற்றில் நூல் அறுந்துபோகும். ஆகவே ஆலைக்குள் காற்றை ஈரமாக்கும் பொறிகளை அவர் அமைத்தார். வீடுகளில் அதே வேலையை வெட்டிவேர்த் தட்டி செய்து வந்தது; இன்று கூலர் செய்கிறது. நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் குளிர்ச்சி. சென்னையின் புழுக்கத்தில் இதே கூலர் பயன்படாமைக்குக் காரணம் இதுவே. மழை வந்தபின் இங்கும் அது வெறும் விசிறிதான்.

ஜூன் நடுவில் தென்மேற்குப் பருவமழை வந்து சேர்கிறது. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுநிலைகள் ஒரிசா வழியாக மேற்கே நகர்ந்துவந்து இங்கு மிகுதியாகப் பொழிகின்றன. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையில் பெரும்பகுதி செப்டம்பருக்குள் தீர்ந்துவிடும். அந்த மாதங்கள் பொய்த்தால் வேறு கதியில்லை. நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இங்கு வாராது. 1896-97, 1899-1900 ஆகிய ஆண்டுகளில் மழை தவறியமையால் மத்திய மாகாணம் பஞ்சத்தில் துடித்தது.

மிகுந்தாலும் இடர்தான். 2023 செப்டம்பர் 23 அன்று, விடியுமுன் சில மணி நேரத்தில் நூறு மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. குடிநீருக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அம்பாஜரி ஏரி வழிந்து, நாக் ஆறு கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களும் போயின. ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர், அந்த ஆற்றைச் சாக்கடையாகக் கருதி அதன் கரையை நெருக்கிக் கட்டியதைச் சொல்லாமல் மழையை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று.

குளிர்காலம் இதற்கெல்லாம் ஈடு செய்கிறது. 1956-இல் தலைநகர்ப் பதவியை இழந்த நாகபுரிக்கு, 1953-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சட்டமன்றக் கூட்டத்தொடர் ஒன்று கிடைத்தது. அது வழக்கமாக டிசம்பரில் நடைபெறுகிறது. மே மாதத்தில் கூட்டினால் எத்தனை பேர் வருவார்களோ!

ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் பருவமே எஜமானன். மே மாத வெயிலில் நீர் பாய்ச்சாது மரத்தை வாட விடுவார்கள். மிருகசீரிடத்தில் முதல் மழை பட்டதும் வாடிய மரம் பூத்துக் குலுங்கும். அக்கனிகள் மாசி, பங்குனியில் பழுக்கும். தை பிறக்குமுன் கிடைப்பவை, குளிர் நீங்கும் வேளையில் மலர்ந்த வேறொரு பூவின் கனிகள். விடுமுறைக்குக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறும் நம்மவர் கூடையில் இவ்விரண்டில் எது இருக்கிறது என்பதை மாதத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.