மதிப்பெண் முறை மாற்றமும் கல்லூரிச் சேர்க்கையும்: தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் வரையறையும்

பள்ளித் தேர்வின் மதிப்பெண்ணுக்கு இரண்டு பயன்கள் உண்டு. மாணவர் பாடத்தை எவ்வளவு கற்றார் என்று காட்டுவது ஒன்று. அதனை அடைவுப் பயன் என்போம். கல்லூரி இடம் கேட்டு நிற்போர் வரிசையில் அவருடைய இடத்தைக் காட்டுவது மற்றொன்று. அது வரிசைப் பயன். மதிப்பெண் முறையைத் திருத்தும் ஆணைகள் பெரும்பாலும் அடைவுப் பயனை எண்ணியே எழுதப்படுகின்றன. ஆனால் அவற்றின் விளைவை மாணவர்கள் முதலில் உணர்வது வரிசையில்தான்.

இதனை ஆராயத் தமிழ்நாடு ஏற்ற களம். தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்தால் நீங்கியபின், பொறியியல் தரவரிசை முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சார்ந்ததாயிற்று. மருத்துவச் சேர்க்கை 2017 முதல் நீட் தேர்வின்கீழ்ச் சென்றுவிட்டதால் அது நம் ஆய்வு எல்லைக்குள் வராது.

மாற்றங்களை மூவகையாகப் பகுக்கலாம். ஒருவரை அடுத்தவரிடமிருந்து பிரித்துக் காட்ட மதிப்பெண்ணுக்கு உள்ள திறனைத் தொடுவது நுண்மை மாற்றம். எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றின் விகிதத்தைத் தொடுவது பங்கு மாற்றம். எந்த வகுப்பின் மதிப்பெண் எதுவரை கணக்கில் நிற்கும் என்பதைத் தொடுவது ஆயுள் மாற்றம்.

2. நுண்மை மாற்றம்

2018-19 முதல் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1,200இலிருந்து 600 ஆயிற்று; பாடம் ஒன்றுக்கு 200 என்பது 100 ஆயிற்று. மாணவர் சுமையைக் குறைப்பதாகவே இது பேசப்பட்டது. தரவரிசைக்கான கட் ஆஃப் மதிப்பெண் கணக்கில் நிகழ்ந்தது வேறு.

பொறியியல் கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பழைய முறையில் இயற்பியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட் ஆஃபில் 0.25 குறையும், கணிதத்தில் குறைந்தால் 0.5. புதிய முறையில் இவை முறையே 0.5 என்றும் 1 என்றும் ஆகிவிட்டன. அதாவது, 195 முதல் 200 வரையுள்ள இடைவெளியில் முன்பு 21 படிகள் இருந்தன. இன்று 11 படிகளே உள்ளன. போட்டி மிகுந்த கல்லூரிகளின் இடங்கள் இந்த உச்சிப் பகுதியில்தான் நிரம்புகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

படிகள் குறைந்தால் ஒரே படியில் நிற்போர் பெருகுவர். அவர்களைப் பிரிக்க முதலில் கணித மதிப்பெண்ணும், பின் இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படுகின்றன. அவையும் அடுத்துப் பார்க்கப்படும் மதிப்பெண்களும் சமமாயின் பிறந்த தேதி வரையும், கடைசியில் கணினி தரும் சமவாய்ப்பு எண் வரையும் போக நேரிடும். கல்வியால் தீர வேண்டிய ஒன்று பிறந்த நாளால் தீர்வது நியாயத்தின் கடைசி எல்லை. அந்த எல்லைக்கு மேலும் பலரைத் தள்ளும் எந்த மாற்றத்தையும் வெறும் நிர்வாகத் திருத்தமாகக் கருத இயலாது.

3. பங்கு மாற்றம்

முன்பு கணிதத்தின் 200 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே உரியன. இன்று 90 எழுத்துத் தேர்வுக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பகுப்பு. அகமதிப்பீட்டை நாம் எதிர்க்கவில்லை. ஆண்டு முழுதும் படித்ததற்கு மதிப்புத் தருவது நல்ல நோக்கமே. ஆயினும் ஒரு பள்ளி எல்லோருக்கும் பத்துக்குப் பத்து வழங்குமானால், அந்தப் பத்து எவரையும் பிரித்துக் காட்டாது. நேர்மையாக அளந்து எட்டு வழங்கிய பள்ளியின் மாணவரே பின்தள்ளப்படுவார்.

பிற கல்வி வாரிய மாணவர்களோடு சமன் செய்யும் விதியையும் அகமதிப்பீட்டுப் பங்கு பாதிக்கிறது. சட்டப்படி, ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்குச் சமமாக்கப்படும். மற்றவை அவ்விகிதத்தில் உயரும். மாநில உச்சம் 100, பிற வாரிய உச்சம் 95 எனின், அங்கே 76 பெற்றவர் இங்கே 80 பெற்றவராகிறார். முழு முறையும் ஒற்றை உச்சத்தின்மேல் நிற்கிறது. எளிதில் கிடைக்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணின் துணையோடு இரு வாரியத்திலும் எவரோ ஒருவர் 100 பெற்றுவிட்டால், நடுவிலுள்ள ஆயிரக்கணக்கானோரின் மதிப்பெண் பரவல் எத்துணை வேறுபட்டிருந்தாலும் விதி செயலற்றுப்போகும்.

4. ஆயுள் மாற்றம்

மூவகையில் மாணவரை மிகவும் வருத்துவது இதுவே. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு ஈராண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அதனைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. ஈராண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து 1,200 என அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் மாணவர்கள் அந்த நம்பிக்கையில் எழுதினர். செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூவின் 600 மட்டுமே கொள்ளப்படும் என்றாயிற்று. எழுதி முடித்த தேர்வின் பயன் பின்னர் மாறியது.

2021இல் இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. பெருந்தொற்றால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று மதிப்பெண் வகுக்கப்பட்டது. ஈராண்டுக்கு முன் எழுதி மறந்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் கல்லூரி வாசலைத் தீர்மானித்தது. வேறு வழியற்ற நெருக்கடியில் எடுத்த முடிவு அது, குறைகூறத் தகாது. ஆனால் 2018இல் அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை.

2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீங்கியுள்ளது. அறிவிப்பு ஆகஸ்டில், கல்வியாண்டு தொடங்கிய பிறகே வந்தது. சுமை குறைந்தது உண்மை. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு எதிராக 2017இல் எழுப்பிய தடுப்பும் அதனுடன் நீங்கியது. சேர்க்கை விதியில் அதற்கு மாற்று ஏற்பாடு தேவை.

பள்ளிக் கல்வித் துறையையும் உயர்கல்வித் துறையையும் நாம் வேண்டுவது இரண்டு. மதிப்பெண் முறையைத் திருத்தும் ஒவ்வோர் ஆணையோடும், முந்தைய ஆண்டின் தரவரிசைப் பட்டியலை அப்புதிய முறையில் கணக்கிட்டு, சமநிலையில் நிற்போர் எத்தனை பேர் கூடுவர் என்பதை வெளியிட வேண்டும். எந்தத் திருத்தமும் இனிப் பிளஸ் ஒன்னில் சேரவிருப்போருக்கே பொருந்த வேண்டும். அவர்கள் கலந்தாய்வு முடித்துக் கல்லூரியில் சேரும்வரை அது மாறக் கூடாது.