விரிதாளில் தானியங்கிக் குறிமாற்றம்

விரிதாள் மென்பொருளானது, தட்டச்சிட்டவர் கேளாமலே அவர் இட்ட குறிகளை வேறு குறிகளாகவோ தேதிகளாகவோ மாற்றிவிடும் சுபாவம். வட்ட அடைப்புக்குள் இட்ட ஆங்கிலச் ‘சி’ எழுத்து பதிப்புரிமைச் சின்னமாகிவிடுவதும், வேறோர் ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய சூத்திரத்தில் நேரான மேற்கோள் குறிகள் வளைந்து வந்து கணக்கையே நடவாமற் செய்வதும் இதன் சாதாரண ரூபங்கள்.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இதன் உபத்திரவம் அளவுப் பட்டியல்களில் புலப்படும். மூன்று முதல் நான்கு வயதுக் குழந்தைக்குரிய பனியனை ‘3-4’ என்று எக்செலில் குறித்தால், நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதும் இந்திய வழக்கில் அது ஏப்ரல் 3 ஆகிறது. மாதத்தை முன்வைக்கும் அமெரிக்கரின் கணினியிலோ மார்ச் 4. பதினான்காம் மாதம் என்று ஒன்று இல்லாத புண்ணியத்தால் ‘13-14’ மாத்திரம் தப்பிப் பிழைக்கிறது. இரட்டை முறுக்கிய நாற்பதாம் நம்பர் நூலைக் குறிக்கும் ‘2/40’ பிப்ரவரி மாதமாகிவிடும். திரையில் தேதி தெரியினும் உள்ளே இருப்பது 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய நாட்தொகையே. ஆதலால் பின்னர் அக்கட்டத்தை எழுத்து வடிவுக்கு மாற்றினாலும் ஐந்திலக்க எண்ணொன்று எஞ்சுமேயன்றிப் பழைய அளவு மீளாது. அளவைக் கொண்டு விலை தேடும் சூத்திரமும் வெறுங்கையோடு திரும்பும். கட்டத்தை முன்கூட்டியே எழுத்து வடிவாக்குதலும், ஒற்றை மேற்கோள் குறியை முன்னிடுதலும் பரிகாரங்கள்.

விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். செப்டம்பர், மார்ச் மாதங்களை ஒத்திருந்த மனித மரபணுக் குறியீடுகளையே பெயரிடல் குழு மாற்றியமைத்த செய்தி 2020-இல் வெளிவந்தது. இவ்வழக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் எக்செலில் அளித்ததோ 2023-இல்.