16 பக்க இலக்கணமும் பிரைட்டன் வகுப்பும்

கணிப்பொறிக்கு ஆணை எழுதுவதற்கென மனிதர் ஆக்கிய மொழிகள் பல. அவற்றுள் ஒன்றைப் புதிதாகக் கற்கப் புகுவோர் முதற்கண் கேட்கும் வினா, ‘எந்த நூலை எடுப்பது?’ என்பதே. மொழியை ஆக்கியவர்களே வகுத்த இலக்கணம் கையிலிருக்குமாயின் அது போதாதோ? இவ்வினாவிற்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று 1961இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்தது.

அந்நிகழ்ச்சிக்கு உரியவர் டோனி ஹோர் என்னும் ஆங்கில அறிஞர். 1934இல் கொழும்பில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் அவர் முதலில் பயின்றது கணிதமன்று. கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் மெய்யியலுமே. கடற்படையில் பணியாற்றியபோது ருசிய மொழி கற்றார். 1959இல் மாஸ்கோ பல்கலைக்கழகம் சென்றார். அங்கே, ருசிய மொழியைக் கணிப்பொறி கொண்டு ஆங்கிலமாக்கும் முயற்சியில் அவர் கருத்து ஈடுபட்டது. அகராதியோ காந்த நாடாவில் அகரவரிசையில் பதிந்திருந்தது. ஒரு வாக்கியத்தின் சொற்களை அவை வந்த முறையிலேயே தேடினால் நாடாவை முன்னும் பின்னும் பலமுறை ஓட்ட வேண்டும். சொற்களை முன்னதாகவே அகரவரிசைப்படுத்திவிட்டால் ஒரே ஓட்டம் போதும்.

வரிசைப்படுத்த எளிய வழியொன்று அவருக்குத் தோன்றிற்று. ஆசிரியர் ஒருவர் விடைத்தாள்களைப் பெயர்வாரியாக அடுக்குவதாகக் கொள்வோம். ஏதேனும் ஒரு தாளை எடுத்து நடுவில் வைக்கிறார். அப்பெயருக்கு முன்வருவன இடப்புறம், பின்வருவன வலப்புறம். பின்னர் இடக்கட்டை எடுத்து அதற்கும் இதே முறை. வலக்கட்டுக்கும் இதே முறை. கட்டுகள் ஒவ்வொரு தாளாகக் குறையும்போது வேலை முடிந்துவிடும். கருத்து இவ்வளவே. ஆயினும், ஒரு கட்டைக் கையாளும்போது எஞ்சி நிற்கும் கட்டுகள் எவை, எங்குள்ளன என்பதை நினைவில் வைத்தல் வேண்டுமே! அவர் அறிந்திருந்த மெர்க்குரி ஆட்டோகோட் என்னும் கணினிமொழியில் இதனை எழுத முயன்று, இயலாமல் விட்டுவிட்டார். எண்ணம் உண்டு, அதனைச் சொல்ல மொழி இல்லை.

1960 ஆகஸ்டில் அவர் எலியட் பிரதர்ஸ் என்னும் கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். வேறொரு வரிசை முறையை எழுதுமாறு அவரைப் பணித்தனர். அதனினும் விரைவானதொன்று தம்மிடம் உண்டு என்றார் ஹோர். இருக்காது என ஆறு பென்ஸ் பந்தயம் கட்டிய மேலாளர் தோற்றார். எனினும் அம்முறையைப் பிறருக்கு விளக்குவது ஹோருக்கு அரிதாகவே இருந்தது.

இந்நிலையில்தான் ஆல்கால் 60 என்னும் மொழியின் அறிக்கை அவர் கைக்குக் கிட்டியது. 1960 சனவரியில் பாரிசில் கூடியோர் முடிவு செய்தவற்றை டென்மார்க் அறிஞர் பீட்டர் நௌர் தொகுத்தார். 13 பேரின் பெயர் தாங்கி அவ்வாண்டு மே மாதம் வெளிவந்தது. பக்கங்கள் 16 மட்டுமே. ஒரு செய்முறை தன்னைத் தானே அழைத்துக்கொள்ளலாம் என்னும் விதிக்கு அதில் கிடைத்த இடம் ஒரே வாக்கியம். அதுவும் 1960 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து தொலைபேசி வழியே சொல்லிச் சேர்க்கப்பட்டது. ஹோர் தேடியது இவ்வாக்கியத்துள் இருந்தது. ஆனால் அறிக்கையைக் கையில் வைத்திருந்தும் அதன் பயனை அவர் கண்டிலர். படிப்பவர் மந்தமானவர் அல்லர். எழுதியவரும் பிழை செய்தாரல்லர். நூற்பா தன் கடமையைச் செய்தது. உரையாசிரியர்தாம் இன்னும் வரவில்லை. தொல்காப்பியத்தை இளம்பூரணர் துணையின்றிப் படிக்க முயன்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

1961 ஈஸ்டரை ஒட்டிப் பிரைட்டனில் ஆல்கால் 60 வகுப்பு ஒன்று நடந்தது. பாடம் சொன்னவர்கள் நௌர், டைக்ஸ்ட்ரா, லாண்டின் ஆகிய மூவர். நௌர் அறிக்கையின் தொகுப்பாளர். டைக்ஸ்ட்ரா, அந்த ஒரு வாக்கியத்தைத் தொலைபேசியில் சேர்க்கச் சொன்ன இருவருள் ஒருவர். ஹோர் தம்முடன் பணியாற்றிய ஜில் பிம் முதலானோருடன் அங்கே சென்றார். செய்முறை தன்னையே அழைப்பதால் என்ன விளையும் என்பதை அங்கேதான் கற்றார். எஞ்சிய கட்டுகளை மனிதன் கணக்கு வைக்க வேண்டியதில்லை. அழைப்பின் போக்கிலேயே பொறி அவற்றை நினைவில் கொள்ளும். மாஸ்கோவில் கைவிட்ட எண்ணத்தை அங்கேயே சில வரிகளில் எழுதி முடித்தார். அதற்குக் ‘குயிக்சார்ட்’, அதாவது விரைவரிசை, எனப் பெயரிட்டார். அவ்வாண்டு சூலையில் அது அச்சேறியது. 1980இல் கணினித் துறையின் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், தம் வாழ்க்கைப்பணியே இச்செய்முறையின்மீது எழுந்தது என்றார்.

கற்போர்க்கு உகந்த நூல்கள் பின்னரே வந்தன. டைக்ஸ்ட்ராவின் தொடக்க நூலும், ஃபோர்ட்ரான் மொழிக்கு முன்பே வழிகாட்டி எழுதிய மெக்கிராக்கன் ஆல்காலுக்கு எழுதிய வழிகாட்டியும் வெளியான ஆண்டு 1962. பிரைட்டனுக்குப் போனவர்களுக்கு அவை கிட்டவில்லை.

எனினும் அறிக்கையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆல்காலைப் பொறியின் மொழிக்கு மாற்றும் நிரலை ஹோரின் குழு எலியட் கணிப்பொறிக்காக ஆக்கியபோது, அவ்வறிக்கையையே அடிப்படையாகக் கொண்டது. அதன் இலக்கணக் கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறை வகுத்தனர். அச்செய்முறைகள் தம்மையும் ஒன்றையொன்றும் அழைத்துக்கொள்வனவாக அமைந்தன.