தொப்பியில் ஒரு யானை

மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களின் தொப்பியைக் கவனித்திருக்கிறீர்களா? கேடயம், குறுக்கே இரண்டு வாள், ஒரு யானை. இந்த யானை முதுமலையிலிருந்து வந்ததில்லை. நாம் பிழைக்க வந்த இதே மகாராஷ்டிராவிலிருந்து போனதுதான்!

ஜால்னா மாவட்டத்தில் அஸ்ஸயே என்றொரு கிராமம். 1803 செப்டம்பர் 23 அன்று அங்கே ஆர்தர் வெல்லெஸ்லியின் கம்பெனிப் படை, சிந்தியா, போன்ஸ்லே இருவரின் பெரும்படையோடு மோதியது. (பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே, அதே வெல்லெஸ்லிதான்.) அவரிடம் இருந்த சிப்பாய்கள் மெட்ராஸ் படைக்காரர்கள், தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்து. ஜெயித்தார்கள். ஆனால் அவர்கள் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 1,500 பேருக்கு மேல். அதற்குக் கம்பெனி கொடுத்த பரிசுதான் யானைச் சின்னம்.

அப்புறம் என்ன ஆச்சு? தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று வெள்ளைக்காரர்களே ஒரு சித்தாந்தம் கட்டி, 1920-களில் மெட்ராஸ் காலாட்படையை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் மறுபடி கூப்பிட்டார்கள்!

வங்கிக்காரன் வரவை மட்டும் பார்க்கக்கூடாது, பற்றையும் பார்க்கணும். அஸ்ஸயேயில் லாபம் கம்பெனிக்கு. செத்ததில் பெரும்பாலோர், இரண்டு பக்கமும், இந்த நாட்டு ஆட்கள். "மராட்டியரை நாம் ஜெயித்தோம்" என்று மார்தட்ட இதில் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விஷயம். இந்த ஊரில் நம்மை மட்டம் தட்டச் சொல்லும் 'மதராசி', அந்த ரெஜிமெண்டின் போர் முழக்கத்தில் 'வீர மதராசி'. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.